நன்றியுரைக்குப் பின் ஒரு சிவப்புப் பொத்தான்

எங்கள் ஊர் ஒன்றியத்தின் மலசலகூடம் கட்டி முடிந்து பதினெட்டு மாதங்களாகின்றன. இன்றுவரை அதற்குள் யாரும் போனதில்லை. தண்ணீர் வருகிறது, கதவு பூட்டுகிறது, மின்குமிழ் எரிகிறது. வாசலில் கட்டிய நாடாவை வெட்டத் தகுதியான பிரதம விருந்தினர்தான் இன்னும் அமையவில்லை. ஒன்றியத்தின் சட்டவிதிகளான யாப்பின் பதினான்காம் பிரிவில் தெளிவாக எழுதியிருக்கிறது: முறைப்படி திறந்து வைக்கப்படாத எதையும் எந்த உறுப்பினரும் பாவிக்கக் கூடாது. ஆகவே கூட்டம் நீண்டால் நிர்வாகசபையினர் நாடாவைத் தாண்டாமல் பக்கத்து வளவுப் பனைகளின் பின்னால் போய் வருகிறார்கள்.

இதையெல்லாம் கண்ணால் கண்டிருந்தும் நான் எழுதிய போன் செயலியை அதே ஒன்றியத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேனே, என் புத்தியை என்னவென்று சொல்வது!

என் அம்மா சிவகௌரிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. போன வருடம் ஒரு நாள் மானிப்பாயில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர், திரும்பிவர பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சீனி இறங்கி மயங்கி விழுந்தார். நின்றவர்கள் நல்லவர்கள். தூக்கி இருத்தினார்கள், முகத்துக்குத் தண்ணீர் தெளித்தார்கள், ஒரு கடைக்காரர் குடை பிடித்தார். கைப்பைக்குள் போன் இருந்தது. யாருக்கு அறிவிப்பது, என்ன வருத்தம், என்ன மருந்து எல்லாம் அதற்குள் இருந்தன. ஆனால் போன் பூட்டியிருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, அம்மாவுக்கு நினைவு திரும்பி, என் பெயரைச் சொல்லும்வரை இரண்டரை மணித்தியாலம். அவ்வளவு நேரமும் நான் யாழ்ப்பாணத்தில் என் வேலையிடத்தில் கணினிக்கு முன்னால் இருந்து கச்சான்கடலை கொறித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் பூட்டுத்திரை ஒன்றைச் செய்யத் தொடங்கினேன். செயலி எழுதுவது என் தொழில், ஒரு கிழமை போதும் என்று நினைத்தேன். மூன்று மாதம் போனது. போன் தன் வாசலை லேசில் யாருக்கும் விட்டுக்கொடுக்காது. அதன் சொந்தப் பூட்டுக்கு மேலே நம் திரையை விரிக்க ஓர் அனுமதி, அங்கேயே நிலைத்து நிற்க இன்னோர் அனுமதி. இரண்டையும் தந்துவிட்டு, மின்கலத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே நம் செயலியின் கழுத்தைத் திருகிவிடும். ஒருவகைப் போனில் ஓடுவது மறுவகையில் படுத்துவிடும். அழைப்பு வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும். கைப்பைக்குள் உரசித் தானாக யாரையும் அழைக்கக் கூடாது. முதல் வாரத்தில் அம்மாவின் கைப்பை என்னை முப்பத்தொரு தடவை அழைத்தது.

கடைசியில் ஒருவாறு சரிவந்தது. திரையின் நடுவில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான், அதில் ‘என்ரை வீட்டுக்கு எடுங்கோ’ என்ற எழுத்து. கீழே இரண்டு வரி: சீனி வருத்தம், இன்சுலின் போடுறவ. போனைத் திறக்கத் தெரியாத யாரும் அதை அமத்தலாம்.

அம்மா அமத்திப் பார்த்தார். என் போன் அடித்தது. “உது காணும் பிள்ளை. இதுக்கு மேலை ஒண்டும் சோடிக்காதை” என்றார். அம்மாவின் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

புத்தூரில் எங்கள் வட்டாரத்தில் மட்டும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் வயது போனவர்கள் இருநூற்று எண்பத்தாறு பேர். அவர்கள் எல்லோரிடமும் போன் இருக்கிறது. எல்லாம் பூட்டியிருக்கின்றன. நான் தனியாக வீடு வீடாகப் போனால், “என்ன பிள்ளை விக்கிறாய்?” என்று கேற்றடியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒன்றியத்தின் பெயரைச் சொன்னால் கதிரை போட்டு இருத்துவார்கள். அதனால்தான் போனேன்.

ஒன்றியத் தலைவர் சண்முகநாதன் சேர், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் இருந்து இளைப்பாறியவர். நிர்வாகசபையின் பதினொருவரும் கூடியிருந்த மண்டபத்தில் என் போனை வாங்கினார், திரையைத் தட்டினார், சிவப்புப் பொத்தானைப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். அவர் இருந்தபடி கதைத்ததை ஊரில் யாரும் கண்டதில்லை.

“பிள்ளை கோபிகா ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறா. அதை நான் மறுக்கேல்லை. ஆனால் ஒரு பெரிய குறை கிடக்கு. தட்டினவுடனை திறக்குது! வரவேற்பில்லை, விளக்கில்லை, தலைமை தாங்க ஒருத்தர் இல்லை. இப்பிடித் தலைமை இல்லாமல் திறக்கிற போனாலைதான் எங்கடை சமூகம் சீரழிஞ்சு போகுது. நான் முப்பத்திரண்டு வருசம் கந்தோரிலை இருந்தனான். ஒரு கோப்பைக்கூட வந்த அண்டைக்கே திறந்ததில்லை. அதாலை ஒரு பிழையும் நடக்கேல்லை, ஏனெண்டால் ஒண்டுமே நடக்கேல்லை.”

எல்லோரும் கை தட்டினார்கள். செயலாளர் சுபாஸ்கரன் அண்ணை அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கே நிகழ்ச்சி நிரல் தயாரானது. போனைத் தட்டியதும் முதலில் மங்கல விளக்கு. ஐந்து திரிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு ஏற்ற வேண்டும். பிறகு அரை நிமிடம் மௌன இறைவணக்கம். அதன்பின் வரவேற்புரை, தலைவர் உரை, வாழ்த்துச் செய்திகள், நன்றியுரை. இவ்வளவும் முடிந்தால் போன் திறக்கும்.

அடுத்த கூட்டத்துக்குச் சுபாஸ்கரன் அண்ணை ஒரு மர அடிமட்டத்தோடு வந்தார். உரைகளோடு வரும் படங்களுக்காக அதை என் போன் திரையில் வைத்து அளந்து, “தலைவற்றை தலை பன்னிரண்டு மில்லிமீற்றர். என்ரை பத்து. கனடாக் கிளைத் தலைவற்றை எட்டரை வரட்டும்” என்றார். கனடாக் கிளை இதைக் கேள்விப்பட்டு எட்டரைக்கு ஒப்புக்கொண்டது. ஆனால் லண்டன் கிளை, தாங்கள் ஏழு மாதம் முந்தித் தொடங்கியவர்கள், தங்கள் வாழ்த்துச் செய்தியே முதலில் வர வேண்டும் என்றது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவதென்று தீர்மானமானது. சோதித்துப் பார்த்தேன். ஒரு சொல் விளங்கவில்லை. இரு கிளையும் பூரண திருப்தி தெரிவித்தன.

உறுப்பினர்களில் இருபத்தொரு பேர் வேறோர் அமெரிக்கக் கொம்பனியின் போன் வைத்திருந்தார்கள். அந்தப் போன் தன் பூட்டுத்திரையில் என்னைப் போன்றவர்களைக் கை வைக்க விடாது என்றேன்.

“ஆர் விடாதது?” என்றார் சண்முகநாதன் சேர்.

“போன் செய்யிற கொம்பனி, சேர்.”

“ஒரு கடிதம் போடுங்கோ. இரண்டாவது வாக்கியத்திலை கொஞ்சம் கடுமையாக.”

கடிதத்தலைப்பில், இறப்பர் முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் அமெரிக்காவுக்குக் கடிதம் போனது. பிரதிகள் கிராம அலுவலருக்கும் கனடாக் கிளைக்கும் கோப்புக்கும். பதில் வரும்வரை அந்த இருபத்தொரு பேரும் விழாக்களுக்கு அழைப்பில்லாத பார்வையாளர் அங்கத்தவர்களாக இறக்கப்பட்டார்கள். அவர்கள் இன்னும் பார்வையாளர்கள்தான்.

“சேர், என்ரை சிவப்புப் பட்டன் எவடத்திலை வருது?” என்று ஒருநாள் கேட்டேன். அதுவரை ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நிர்வாகசபை யோசித்தது. சுபாஸ்கரன் அண்ணைதான் வழி கண்டுபிடித்தார். “அது ஒரு அறிவித்தல்தானே. அறிவித்தல் எப்பவும் நன்றியுரைக்குப் பிறகுதான்.”

நான் இடைமறித்தேன். “அண்ணை, மயங்கி விழுந்து கிடக்கிற ஆளின்ரை போன் அது. பக்கத்திலை நிக்கிற ஆள் விளக்கேத்தி, மூண்டு நிமிசம் நாப்பது செக்கன் உரை கேட்டுக்கொண்டு நிக்கேலுமோ?”

“ஏன் ஏலாது?” என்றார் தலைவர். “எங்கடை ஆண்டு விழாவிலை மூண்டு மணித்தியாலம் கேட்டவை. ஒருத்தரும் சாகேல்லை.”

“ரெண்டு பேர் மயங்கினவை” என்றார் மாதர் பிரிவுப் பொறுப்பாளர் பத்மாவதி அன்ரி, மெதுவாக.

“மயங்கினவை. நன்றியுரைக்கு எழும்பிட்டினம்.”

“அதுக்கிடையிலை ஆள் செத்துப்போனால்?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சுபாஸ்கரன் அண்ணை பேனையை எடுத்தார். “நல்ல கருத்து. அப்பிடியெண்டால் கடைசியிலை ஒரு கண்ணீர் அஞ்சலிப் பக்கமும் வேணும். உறுப்பினர் இப்பவே ஒரு நல்ல படம் தந்து வைச்சால் உதவியாயிருக்கும்.”

போனின் சொந்த அவசர அழைப்புக்கூட குத்துவிளக்கின் பாதத்துக்குக் கீழே மறைந்துபோயிருந்தது. விளக்கைச் சற்று மேலே தூக்கலாமா என்று கெஞ்சினேன். விளக்கு அந்தரத்தில் நிற்பது அபசகுனமாம். வாக்கெடுப்பு நடந்தது. அன்றைக்கு நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். இருநூற்று எண்பத்தாறு பேரை நினைத்துக்கொண்டு இருந்தேன். என் கையும் உயர்ந்தது. அதை ஒளித்து ஆகப்போவது என்ன?

திறப்பு விழா ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வாரமே தொண்டர்கள் எல்லா வீடுகளுக்கும் போய்ச் செயலியைப் போட்டுவிட்டார்கள். ஆனால் பதினான்காம் பிரிவு இருக்கிறதே! திறந்து வைக்காத செயலியைப் பாவிக்கக் கூடாது. ஆகவே விழா நாள் காலை ஆறு மணியிலிருந்து எல்லாப் போன் திரைகளுக்கும் குறுக்கே ஒரு சிவப்பு நாடா வர வேண்டும் என்றும், மேடையில் பிரதம விருந்தினர் தன் இரகசிய இலக்கத்தை அமத்தி வெட்டியதும் எல்லாப் போன்களிலும் நாடா ஒரேயடியாக அறுந்து விழ வேண்டும் என்றும் தீர்மானம். நாடாவில் எழுத வேண்டிய வாசகத்தைத் தலைவரே தந்தார்: ‘பிரதம விருந்தினர் வரும்வரை அன்புடன் காத்திருக்கவும்.’ பிரதம விருந்தினர் நகரத்தில் ஓர் உயர் அதிகாரி. முந்திய நாள் சுபாஸ்கரன் அண்ணை அவரைத் தேடிப்போய், மரியாதைக்காக அவர் போனிலும் செயலியைப் போட்டுவிட்டு வந்தார்.

சுபநேரம் ஒன்பதரை. ஒன்பதே காலுக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. பத்து மணியாகியும் விருந்தினரைக் காணவில்லை. பத்தரைக்குத் தலைவர், “ஆள் எங்கை நிக்கிறாரெண்டு ஒருக்கால் எடுத்துக் கேளுங்கோ” என்றார். சுபாஸ்கரன் அண்ணை போனை எடுத்தார். நாடா. பத்மாவதி அன்ரி எடுத்தார். நாடா. பந்தலில் இருந்த அத்தனை பேரும் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். எல்லாப் போன்களும் அன்புடன் காத்திருக்கச் சொல்லின. என் போனும்தான்.

பதினொன்று நாற்பதுக்குச் சண்முகநாதன் சேர் மேடையில் நின்றபடியே சரிந்தார். விளக்கேற்றும்வரை விரதமென்று காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் இன்சுலினை மட்டும் மறக்காமல் போட்டிருந்தார். அது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அந்த நேரம் அவருக்குச் சீனி வருத்தம் இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. அவர் மனைவி இரத்தினம்மா வீட்டில் விருந்தினருக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இலக்கம் யாருக்கும் பாடமில்லை. எல்லாம் தலைவரின் சட்டைப் பையில் இருந்த போனுக்குள், நாடாவுக்கும் விளக்குக்கும் உரைகளுக்கும் பின்னால், என் சிவப்புப் பொத்தானுக்குக் கீழே அவரே எழுதி வைத்த இரண்டே இரண்டு வரியில் இருந்தன.

“நான் வீட்டை ஓடிப்போய்க் கொம்பியூட்டரிலை நாடாவை வெட்டிவிடுறன்” என்று எழுந்தேன்.

“விருந்தினர் வராமலோ?” என்று சுபாஸ்கரன் அண்ணை வழியை மறித்தார். “என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை? அந்த மனுசன் வந்து எதை வெட்டுறது?”

“சேர் சாகப்போறார் அண்ணை!”

நிலத்தில் கிடந்த சண்முகநாதன் சேர் ஒரு கண்ணைப் பாதி திறந்தார். எல்லோரும் குனிந்தோம். உதடு அசைந்தது.

“வெட்டாதையுங்கோ,” என்றார். “விருந்தினர் வரட்டும்.” கண் மூடிக்கொண்டது.

அப்போதுதான் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து தம்பிஐயா அண்ணை வந்தார். ஒன்றியத்தில் ஒலிபெருக்கி கட்டுவது, தேத்தண்ணி ஊற்றுவது எல்லாம் அவர்தான். அவருடையது இறப்பர் வளையம் போட்டுக் கட்டிய பழைய பட்டன் போன். செயலி ஏறாது என்று தொண்டர்கள் அவரைத் தவிர்த்திருந்தார்கள். “என்னட்டை நாடா இல்லை. நான் எடுக்கலாமோ?” என்று கேட்டார். யாரும் தீர்மானம் கொண்டுவருவதற்கு முன் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்துவிட்டார்.

அம்புலன்ஸ் வந்தது. “ஐயாவுக்கு என்ன வருத்தம்? என்ன மருந்து பாவிக்கிறவர்?” என்று அதில் வந்த பிள்ளை கேட்க, நிர்வாகசபை மறுபடியும் போன்களைத் தட்டிப் பார்த்தது. விரலில் குத்திச் சீனியை அளந்து அவளே கண்டுபிடித்தாள். யாரோ சைக்கிளில் போய் இரத்தினம்மாவை மா பிசைந்த கையோடு ஏற்றி வந்தார்கள். அதைப் பார்க்க, மானிப்பாயில் அம்மாவைச் சுற்றி நின்ற முன்பின் தெரியாத சனம் எங்களை விட எவ்வளவோ மேல் என்று பட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்புலன்ஸ் வாசல் படலையைக் கடக்க, பிரதம விருந்தினரின் வான் உள்ளே வந்தது. நேரம் பன்னிரண்டேகால்.

“மன்னிக்க வேணும்,” என்றார் அவர். “வழி பாப்பமெண்டு போனை எடுத்தனான். பிரதம விருந்தினர் வரும்வரை காத்திருக்கவும் எண்டு கிடந்துது. சரியெண்டு ஆவரங்கால் சந்தியிலை வானை நிப்பாட்டிப்போட்டு ரெண்டு மணித்தியாலமாய்க் காத்துக்கொண்டு நிண்டனான்.”

“ஆரை, சேர்?” என்றார் சுபாஸ்கரன் அண்ணை.

“பிரதம விருந்தினரைத்தான். இன்னும் வரேல்லையோ?”

அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் சுபாஸ்கரன் அண்ணையின் காதில் இரகசியமாக ஏதோ கேட்டார். “இருக்கு சேர், ஆனால் இன்னும் திறக்கேல்லை. அது வேறை விழா, அழைப்பிதழ் அடிக்கேல்லை” என்று அண்ணை பனைப் பக்கம் கையைக் காட்டினார். விருந்தினர் அங்கே போய் வந்து, இலக்கத்தை அமத்தி நாடாவை வெட்டினார். எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் நாதஸ்வரம் வாசித்தன.

அம்புலன்சுக்குள்ளும் வாசித்ததாம். தலைவருக்கு நினைவு வரும் நேரம். பையிலிருந்த போனை இரத்தினம்மா எடுத்துத் தட்ட, விளக்கு வந்தது. கையில் மா, ஒரு திரிதான் எரிந்தது. துடைத்துவிட்டு ஐந்தையும் ஏற்ற, மௌன வணக்கம் வந்தது, பிறகு வரவேற்புரை, பிறகு தலைவர் உரை. ஒன்றையும் நிறுத்த முடியவில்லை. அந்த மனுசன் சேலைன் ஏறக் கண்ணை மூடிக்கொண்டு, சமூகத்துக்குத் தலைமையின் அவசியம் பற்றித் தானே ஆற்றிய உரையை முழுவதும் கேட்டபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இதற்குப் பிறகு நிர்வாகசபை என்ன செய்யும் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை. விழா சிறப்பாக நடந்தேறியதாகப் பத்திரிகைக்குச் செய்தி போனது.

ஆனால் மூன்றாம் நாள் பத்மாவதி அன்ரி வீட்டுக்கு வந்தார். அம்மாவோடு முருங்கைக்காய் விலை கதைத்தார். எழும்பும்போது போனை என் கைக்குள் திணித்தார். “பிள்ளை, அம்மாட்டைக் கிடக்கிறதைப்போலை வெறும் சிவப்புப் பட்டன் மட்டும் போட்டுத் தாறியே? மற்றாக்களுக்குச் சொல்லிப்போடாதை, என்ன?”

அடுத்த நாள் சுபாஸ்கரன் அண்ணை. மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முடக்கில் நிறுத்திவிட்டு, ஹெல்மெற்றைக் கழற்றாமலே உள்ளே வந்தார். “பொதுவிலை விளக்கு வேணும் பிள்ளை, அது பண்பாடு. ஆனால் எனக்குப் பிரஷர் இருக்கெல்லே” என்றார் ஹெல்மெற்றுக்குள்ளிருந்து. இரண்டு கிழமைக்குள் நிர்வாகசபையில் பத்துப் பேர் வந்து போனார்கள். எல்லோரும் கிணற்றடிப் பக்கத்தால் வந்தார்கள். எல்லோரும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றார்கள். பின்னாலேயே ஊர்ச் சனமும் வரத் தொடங்கியது. “ஒன்றியத்துக்குத் தெரியாத அந்தச் சின்னப் பூட்டு” என்று கேட்டு வாங்கினார்கள். மாத முடிவில் எண்ணிப் பார்த்தேன். இருநூற்று நாற்பதைத் தாண்டியிருந்தது.

கடைசியாக ஒரு பின்னேரம் சண்முகநாதன் சேரும் இரத்தினம்மாவும் வந்தார்கள். சேர் மெலிந்திருந்தார். கதிரையில் இருந்தபடியே கதைத்தார். நான் அதை முதல் தடவை கண்டேன்.

“பிள்ளை, அந்தப் பட்டனை அமத்தினால் இவவுக்குப் போற மாதிரி ஒண்டு...”

“விளக்கு, உரை எல்லாம் எடுத்துவிடட்டோ சேர்?”

“எடுத்துவிடு. அம்புலன்சுக்கை முழுக்கக் கேட்டனான்.” இரத்தினம்மாவைப் பார்த்தார். “சரியான நீளம்.”

அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சண்முகநாதன் சேர் பழையபடி எழுந்து நின்றார். “எமது செயலியைத் தற்போதுள்ள முழு நிகழ்ச்சி நிரலோடு தொடர்ந்து நடத்துவதென்று தீர்மானம். எல்லாருக்கும் திருப்தியோ?” “ஓம், ஓம்” என்று பதினொரு கைகள் உயர்ந்தன. மேசையில் பதினொரு போன்கள் குப்புறக் கிடந்தன.

தம்பிஐயா அண்ணை தேத்தண்ணித் தட்டோடு வந்தார். கோப்பை வைக்க இடமில்லை. ஒரு போனை எடுத்து அப்பால் வைத்தார். நிமிர்ந்து விழுந்த திரை ஒளிர்ந்தது. சிவப்புப் பொத்தான். அடுத்ததை நகர்த்தினார். சிவப்புப் பொத்தான். அப்படியே மேசையைச் சுற்றி வந்தார், அவருக்கென்ன, கோப்பைக்கு இடம் வேண்டும். பதினொரு போன்களும் ‘என்ரை வீட்டுக்கு எடுங்கோ’ என்றபடி நிமிர்ந்து கிடந்தன. சுபாஸ்கரன் அண்ணை மின்விசிறியைப் பார்த்தார். பத்மாவதி அன்ரி தன் வளையலைப் பார்த்தார்.

“தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ” என்றார் தலைவர்.

குடித்தோம். பிறகு, தீர்மானத்தை வழிமொழிய ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். யாரும் நிமிரவில்லை. சின்னப் பூட்டைக் கேட்டு வர இன்னும் நாற்பது வீடு மிச்சம் இருப்பதை நினைத்துக்கொண்டு, நானே எழுந்து வழிமொழிந்தேன்.